48 மணி நேரத்தில் ஒரு மாயச் சிறுமி

கணினி விளையாட்டை ஆடுவோர் நம்முள் பலர். ஆக்குவோர் மிகச் சிலர். ஆடுவது பொழுதுபோக்கு, ஆக்குவதோ கல்வி. கதையும் ஓவியமும் இசையும் கணக்கும் ஒருங்கே கூடும் கலை அது. அக்கல்வியில் முதற்பாடம் படிக்க விரும்பும் மாணவ நண்பர்களுக்கு என் பட்டறிவு ஒன்றைச் சொல்லவே இக்கட்டுரை. எங்கள் வெற்றியைப் பறைசாற்றுவது என் நோக்கமன்று. நாங்கள் செய்த பிழையும், அதனைக் கண்டு சொன்ன ஒரு சிறுமியுமே இதன் பொருள்.

கேம் ஜாம் என்பது யாது?

குறித்த காலத்துக்குள், கொடுத்த கருப்பொருளில், ஒரு விளையாட்டைத் தொடங்கி முடித்துக் காட்டும் கூட்டு முயற்சியே கேம் ஜாம். 2002ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ‘இண்டி கேம் ஜாம்’ என்ற பெயரில் வல்லுநர் சிலர் கூடிப் புதுமுயற்சிகள் செய்தனர். அதே ஆண்டில் ‘லூடம் டேர்’ என்ற இணையப் போட்டியும் தோன்றியது. 2009இல் ‘குளோபல் கேம் ஜாம்’ தொடங்கிய பிறகு, பல நாட்டு மாணவரும் ஒரே கருப்பொருளை எடுத்து ஒரே காலத்தில் உழைக்கும் வழக்கம் பரவியது. 2020இல் அதன் கருப்பொருள் ‘செப்பனிடுதல்’, 2023இல் ‘வேர்கள்’.

நாங்கள் மூவர். நிரல் எழுதும் நண்பர் ஒருவர். ஓவியம் வரையும் தோழி ஒருவர். கதையும் ஆட்ட விதிகளும் வகுக்கும் பொறுப்பு என்னுடையது. போட்டிக்குச் செல்லுமுன் பயிற்சி வேண்டும் என்று எண்ணி, 2023ஆம் ஆண்டின் ‘வேர்கள்’ என்ற கருப்பொருளையே எடுத்துக்கொண்டோம். இடம்: பெங்களூரு பிரேசர் டவுனில் எங்கள் வாடகை மாடியறை. காலம்: வெள்ளி மாலை 6 மணி முதல் ஞாயிறு மாலை 6 மணி வரை.

மாயச் சிறுமி யார்?

எங்கள் தோழி சப்பானியக் கார்ட்டூன்களில் ஊறியவர். “மாயச் சிறுமியை வைத்து ஆட்டம் செய்வோம்” என்றார். சப்பானியர் ‘மஹோ ஷோஜோ’ என்று இவ்வகையை வழங்குவர். 1962இல் வெளிவந்த ‘ஹிமிட்சு நோ அக்கோ-சான்’ என்ற படக்கதையில் மாயக் கண்ணாடி ஒன்றின் துணையால் சிறுமி வேற்றுருக் கொள்கிறாள். 1966இல் ‘சாலி’ என்னும் குட்டி மந்திரக்காரி தொலைக்காட்சிக்கு வந்தாள். 1990களின் தொடக்கத்தில் ‘செய்லர் மூன்’ வந்து, ஐந்து சிறுமியர் அணியாகப் போர் புரியும் கதையை உலகெங்கும் பரப்பிற்று. 2011இல் வந்த ‘மடோகா மேஜிக்கா’ அந்த மந்திரத்துக்கு என்ன விலை என்று கேட்டது.

இவை நமக்கு முற்றிலும் புதியனவா? அல்ல. சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலையை எண்ணிப் பாருங்கள். வேற்றுருக் கொள்ளுதல், வான்வழிச் செல்லுதல், பசி நீங்குதல் ஆகிய மூன்று மந்திரங்களை மணிமேகலா தெய்வம் அவளுக்கு அருளிற்று. மணிபல்லவத்தில் அமுதசுரபி கிடைத்தது. இளம்பெண், தெய்வத் துணை, மந்திரம், மாயக்கலம், பிறர் துயர் துடைக்கும் கடமை: மாயச் சிறுமிக்கு வேண்டிய யாவும் ஈண்டு உள்ளன அன்றோ?

விலையும் உண்டு. உதயகுமரனிடமிருந்து தப்ப மணிமேகலை காயசண்டிகையின் உருவை மேற்கொள்கிறாள். காயசண்டிகையின் கணவன் காஞ்சனன் அவளைத் தன் மனைவி என்றே நம்பி, உதயகுமரனை வாளால் வீழ்த்துகிறான். பழி மணிமேகலையைச் சூழ, அவள் சிறைப்படுகிறாள். உருமாற்றம் என்பது உடை மாற்றுவது போன்றதன்று. நம்மை அறிந்தவர் நம்மை அறியாமற் போவதும் அதில் அடங்கும். எங்கள் ஆட்டத்தின் முதல் விதி இக்கருத்திலிருந்தே பிறந்தது.

முதலில் கணக்கு, பிறகு கனவு

48 மணி நேரம் என்பது கேட்பதற்குப் பெரிது. இரண்டு இரவுத் தூக்கத்துக்கு 14 மணி, உணவுக்கும் ஓய்வுக்கும் 6 மணி கழித்தால் எஞ்சுவது 28. கடைசி 8 மணி நேரத்தைச் சோதனைக்கும் திருத்தத்துக்கும் ஒதுக்கினோம். ஆக்கத்துக்கென ஆளுக்கு 20 மணி நேரமே மிச்சம்.

உருமாற்றக் காட்சி 4 வினாடி வேண்டும் என்றார் தோழி. வினாடிக்கு 12 படம் என்றால் 48 படங்கள். படத்துக்கு 10 நிமிடம் என்றால் 8 மணி நேரம்! ஆகவே 8 படங்களாகக் குறைத்து, ஒவ்வொன்றையும் சற்றே நிறுத்திக் காட்டினோம். 80 நிமிடத்தில் வேலை முடிந்தது. தொலைக்காட்சித் தொடர்களிலும் ஒருமுறை வரைந்த உருமாற்றக் காட்சியையே வாரந்தோறும் திரும்பக் காட்டுவர். சிக்கனமே அங்குச் சடங்காகவும் சுவையாகவும் மாறிற்று. ஆனால் ஆடுபவர்க்கு நாலாம் முறை பொறுமை இராது. ஆதலின் முதன்முறை முழுதும், பின்னர்ப் பாதியும் காட்டுமாறு செய்தோம்.

இரண்டு தெரு, ஐந்து மந்திரம், மூன்று அரக்கர் என்று நான் எழுதியிருந்த பட்டியலை நண்பர் வாங்கிப் படித்தார். ஒரு தெரு, ஒரு மந்திரம், ஒரு நிழல் என்று திருத்தித் திருப்பிக் கொடுத்தார். அன்று எனக்கு வருத்தந்தான். ஞாயிறு காலையில் அவருக்கு நன்றி சொன்னேன்.

தெரு தந்த கதை

கருத்துத் தேடி வெள்ளி இரவு மூவரும் வெளியே நடந்தோம். மாஸ்க் ரோட்டின் உணவுக் கடைகளைக் கடந்து கோல்ஸ் பூங்கா வரை சென்றோம். வழியில் ஒரு மரத்தின் வேர் நடைபாதைக் கல்லையே தூக்கி நிறுத்தியிருந்தது. அருகில் ஒரு பழைய வீட்டின் வாயிலில், படிக்க முடியாதபடி மங்கிய பெயர்ப்பலகை. அவ்விரண்டும் எங்கள் ஆட்டமாயின.

பிரேசர் டவுனின் கதையே பெயர்களின் கதை. 1898இல் பெங்களூரைக் கொள்ளைநோய் வாட்டியது. நெருக்கமான குடியிருப்புகளுக்கு மாற்றாகக் காற்றோட்டமுள்ள புதிய பகுதிகளைப் பின்னர்க் கண்டோன்மெண்டில் அமைத்தனர். அவற்றுள் ஒன்றுக்கு ஸ்டூவர்ட் பிரேசர் என்ற ஆங்கில அதிகாரியின் பெயர் வாய்த்தது. இன்று அரசு வழங்கும் பெயர் புலிகேசி நகர். மக்கள் வாயில் இரண்டும் வாழ்கின்றன. பெயர் மாறியும் ஊர் தன்னை இழக்கவில்லை.

எங்கள் நாயகி கயல் வாழும் தெருவில் ‘மறதி’ என்னும் நிழல் புகுந்து, எட்டு வீடுகளின் பெயர்களை அழித்துவிடுகிறது. கயல் மரத்தடியில் உருமாறி, வேரை நிலத்தடியே செலுத்தினால் பெயர் மீண்டும் ஒளிரும். ஆனால் எந்தப் பெயர் எந்த வீட்டுக்குரியது? அதனை வீட்டாரிடம் கேட்டுத்தான் அறிதல் வேண்டும். உருமாறிய கயலை எவரும் அடையாளம் காண மாட்டார், கதவைச் சாத்திக்கொள்வர். பாவாடை சட்டையுடன் வரும் பழைய கயலுக்கே கதவு திறக்கும். மாயக் கயலால் கேட்க இயலாது. எளிய கயலால் வேரைச் செலுத்த இயலாது. உருமாற்றம் 20 வினாடி மட்டும் நிலைக்கும்.

உருமாற்றம் உள்ள ஆட்டங்களில் பெரும்பாலும் நேரும் குறை ஒன்றுண்டு. மாறிய உரு எல்லாவற்றிலும் வலியதாயின், பழைய உரு வெறும் காத்திருப்பாகிவிடும். இரண்டு உருவும் ஒன்றுக்கொன்று தேவைப்படுமாறு விதி வகுப்பதே அதற்கு மருந்து. வலப்பக்கம், இடப்பக்கம், செயல் என்று மூன்று விசைகளே வைத்தோம். செயல் விசையின் பொருள் மட்டும் உருவுக்கேற்ப மாறும்.

கொம்பு செய்த குறும்பு

விலையில்லாமல் கிடைக்கும் ‘கோடோ’ என்ற மென்பொருளில் ஆட்டத்தைக் கட்டினோம். நண்பரின் கணினியில் இருந்தது அதன் பழைய மூன்றாம் பதிப்பு. தமிழில் ‘கெ’ என எழுதினால், எழுத்துக்கு முன் நிற்க வேண்டிய கொம்பு பின்னே போய் நின்றது. கணினி, மெய்யை முதலிலும் கொம்பை அடுத்தும் சேமிக்கிறது. திரையில் இடம் மாற்றிக் காட்டுவது தனி வேலை. அவ்வசதி 2023இல் வந்த நான்காம் பதிப்பில் உண்டு. அதற்கு மாறியதில் 2 மணி நேரம் போயிற்று. தமிழில் ஆட்டம் செய்வோர் முதல் மணி நேரத்திலேயே ‘கொ’, ‘கௌ’ போன்ற எழுத்துகளைத் திரையில் இட்டுப் பார்த்துவிடுதல் நலம்.

சிறுமியின் வினா

ஞாயிறு காலை 10 மணி. கீழ் வீட்டுப் பெரியவரின் பேத்தி, நான்காம் வகுப்பு மாணவி, எங்கள் முதல் ஆட்டக்காரராக வந்து அமர்ந்தாள். வீட்டில் தமிழ் பேசுபவள். பள்ளியில் படிப்பது கன்னடமும் ஆங்கிலமும். திரையில் நாங்கள் எழுதியிருந்த அழகிய தமிழ்க் குறிப்பை அவளால் படிக்க முடியவில்லை. “என்ன செய்யணும்?” என்றாள். சொல்லிவிட ஒருவரும் வாய் திறவாதிருத்தல் சோதனையின் விதி. அவள் விசைகளைத் தட்டித் தட்டி விடையைத் தானே கண்டாள். எனினும் அக்குறிப்பு எவர்க்காக எழுதப்பட்டது என்ற கேள்வி என்னைக் குத்திற்று.

கயல் உருமாறினாள். சிறுமி திரையை உற்று நோக்கினாள். மறுபடியும் உருமாறச் செய்தாள். பிறகு தோழியின் பக்கம் திரும்பி, “அக்கா, மந்திரம் வந்தா இவ வெள்ளை ஆயிடுவாளா?” என்றாள்.

அறையில் ஓசையில்லை. மாநிறச் சிறுமியாகிய கயல் உருமாறியபோது முகமும் கையும் வெளுத்துத்தான் இருந்தன. ஒளி வெள்ளத்தைக் காட்ட, படம் முழுவதன் மேலும் வெண்ணிறப் படலம் ஒன்றைத் தோழி படரவிட்டிருந்தார். எட்டுப் படங்களையும் மூவரும் நூறு முறை பார்த்திருந்தோம். எங்கள் கண்ணுக்கு அது ஒளியாகவே பட்டது.

“அது வெளிச்சந்தானே, மாலைக்குள் முடிக்க எத்தனையோ இருக்கிறது” என்றார் நண்பர். அவர் கூற்றில் தீங்கில்லை. இசை கூட இன்னும் சேரவில்லை. தோழி சற்று நேரம் பேசவில்லை. பின்னர், பள்ளி ஆண்டு விழாவில் தேவதை வேடம் கிடைத்ததையும், மேடையேறுமுன் கழுத்துவரை வெள்ளைப் பூச்சு அப்பப்பட்டதையும் சொன்னார். “அன்று எனக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது; அதுதான் இப்போது உறுத்துகிறது. அந்தப் பூச்சை இன்று என் கையாலேயே கயலுக்குப் பூசிவிட்டேன்” என்றார். நண்பர் மறுமொழி கூறாமல், இசைக்கு ஒதுக்கிய நேரத்தைத் தாளில் அடித்தார்.

திருத்தம் பெரிதன்று. ஒளியை உடலின் மேலிருந்து எடுத்து உடலுக்குப் பின்னே வைத்தோம். தோலின் நிறத்துக்குரிய எண்ணை இரு உருவிலும் ஒன்றாகவே நிறுத்தினோம். மாறுவன கூந்தல் நாடாவும், பாவாடைக் கரையில் படரும் வேர்க்கோலமும் மட்டுமே. படத்துக்கு 5 நிமிடமாக 40 நிமிடத்தில் முடிந்தது. பின்னணி ஒளிர, கயலின் முகம் முன்னினும் தெளிவாகத் தெரிந்தது. குறிப்புச் சொற்களுக்கு ஈடாகக் கையும் மரமும் கதவும் வரைந்தோம். வாயிற்பெயர்களைத் தமிழிலேயே விட்டு, ஒவ்வொன்றும் ஒளிரும்போது அதனை வாசிக்கும் குரலைக் கைப்பேசியில் பதிந்து சேர்த்தோம்.

பிழையின் வேர்

‘வேர்’ என்று தலைப்பிட்டு, உருமாற்றத்தில் வேரையே அழித்திருந்தோம்! வேண்டுமென்று செய்யவில்லை. எனினும் அழகு எது, ஆற்றல் எது என்று நாம் எண்ணிப் பாராமல் கொள்ளும் முடிவுகள் விளையாட்டில் விதியாகிவிடுகின்றன. நூலில் ஒரு வரியைக் கடந்து செல்லலாம். விளையாட்டிலோ ஆடுபவள் அதைத் தன் கையாலேயே திரும்பத் திரும்பச் செய்கிறாள். அவளை எட்டு முறை உருமாறச் சொல்லி, எட்டு முறையும் “நீ இருக்கும் உருவில் மந்திரம் இல்லை” என்று சொல்லியிருப்போம்.

நம்மவர் ஆக்கங்கள் உலக அரங்கில் ஏறாமல் இல்லை. கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பம் ஒன்றின் அடுக்களையையே களமாக்கி, 2023இல் வெளிவந்த ‘வெண்பா’ என்னும் விளையாட்டு, மறுஆண்டில் பிரிட்டனின் பாஃப்டா விருது பெற்றது. சிதைந்த சமையல் குறிப்பேட்டை வைத்து இட்லி வார்ப்பதே அதில் புதிராயிற்று. நம் வீட்டுப் பொருளே போதுமானது என்பதற்கு வேறு சான்று வேண்டா.

ஆட்டம் செய்ய முனையும் நண்பர்களே, மூன்று சொல்வேன். ஆசையைப் பாதியாக்குங்கள், பின்னர் அதையும் பாதியாக்குங்கள். நாயகி எதுவாக மாறுகிறாள் என்று கேட்குமுன், எது மாறாதிருக்க வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். கடைசி 8 மணி நேரத்தை எவருக்கும் விட்டுக்கொடாதீர்கள். அந்த நேரத்தில் உங்களைச் சாராத ஒருவரை ஆடவிட்டு, நீங்கள் வாய்மூடி அமருங்கள்.

மாலை 5 மணிக்குச் சிறுமி மீண்டும் வந்தாள். இம்முறை நிறத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. எட்டாம் வீடு வரை ஆடி முடித்தபின், “இந்த வீட்டுக்கு எங்க பாட்டி பேரைப் போடுவீங்களா?” என்றாள். போட்டோம். திரையில் ஒளிர்ந்த எழுத்துகளை ஒவ்வொன்றாய்க் காட்டி, இது என்ன, இது என்ன என்று கேட்டாள். தாளில் எழுதிக் கொடுத்தேன். அதைப் பார்த்து அவளும் கீழே ஒருமுறை எழுதினாள். இரண்டாம் எழுத்தின் கொம்பு பின்னே போய்விட்டது. அழித்து, முன்னே போட்டாள்.