மூன்றாம் வருஷத்துத் தசமபாகம்



“தசமபாகத்தைச் சபைக்குத்தான் கொடுக்கவேண்டுமா? மருத்துவ ஊழியத்துக்கும் அனுப்பலாமா?” என்று கடிதங்களில் அடிக்கடி கேட்கிறீர்கள். வேதத்தைப் பொறுமையாகத் திறந்து பார்ப்போம்.

நியாயப்பிரமாணத்துக்கு முன்னே தசமபாகம் இருந்தது. யுத்தத்தில் ஜெயித்துத் திரும்பிய ஆபிராம் மெல்கிசேதேக்குக்குப் பத்தில் ஒரு பங்கு கொடுத்தான் (ஆதி. 14:20). யாக்கோபு பெத்தேலில் பொருத்தனை பண்ணினான் (ஆதி. 28:22). இருவரிடமும் யாரும் கேட்டு வாங்கவில்லை. பின்பு அது கட்டளையாயிற்று. நிலத்தில் சுதந்தரமில்லாத லேவியருக்கு அதுவே ஜீவனம் (எண். 18). அவர்களும் தங்களுக்கு வந்ததில் பத்தில் ஒன்றை ஆசாரியனுக்குக் கொடுக்கவேண்டும். வாங்குகிறவனுக்கும் விலக்கில்லை!

உபாகமம் 14ஆம் அதிகாரத்தை நாம் வேகமாகக் கடந்துவிடுகிறோம். அங்கே, வருஷந்தோறும் விளைச்சலின் தசமபாகத்தைக் கர்த்தருடைய சந்நிதியில் குடும்பமாகப் புசித்து மகிழவேண்டும் என்றிருக்கிறது. ஸ்தலம் தூரமானால் பணமாக்கிக் கொண்டுபோய், அங்கே விருப்பமானதை வாங்கிப் புசிக்கலாம். (இதைப் பிரசங்கத்தில் கேட்பது அபூர்வம்தான்.) மூன்றாம் வருஷத்திலோ அது ஊரைவிட்டுப் போகாது. ஊர் வாசலிலேயே வைக்கப்படும். லேவியனும் பரதேசியும் திக்கற்ற பிள்ளையும் விதவையும் வந்து திருப்தியாகப் புசிப்பார்கள். யூத போதகர்கள் இதை ‘ஏழைகளின் தசமபாகம்’ என்றே அழைத்தார்கள். ஊழியக்காரனுக்கும் விதவைக்கும் ஒரே களஞ்சியம் என்பதைக் கவனியுங்கள்.

சட்டம் போட்டு வசூலித்த காலமும் உண்டு. சார்லமேன் ராஜா 779இல் தன் ராஜ்யத்தில் தசமபாகத்தைக் கட்டாயமாக்கினார். இங்கிலாந்தில் 16ஆம் நூற்றாண்டில் மடங்கள் கலைக்கப்பட்டபின், பல ஊர்களின் தசமபாகம் ஊழியமே செய்யாத நிலப்பிரபுக்கள் கைக்குப் போயிற்று. விவசாயிகள் அதை வெறுத்ததில் ஆச்சரியமில்லை. பிரான்சில் 1789இல் புரட்சியோடு அது ஒழிந்தது.

உங்கள் கேள்விக்கு வருவோம். பங்கு கிடைக்காதபோது லேவியரும் பாடகரும் ஆலய வேலையை விட்டுத் தங்கள் வயல்களுக்கு ஓடிப்போனதை நெகேமியா கண்டார் (நெகே. 13:10). ஆகையால் உங்கள் போதகரின் ஜீவனத்துக்குரியதை நிறுத்தி எங்களுக்கு அனுப்பும்படி நாங்கள் கேட்கமாட்டோம். அது போக, ஏழை நோயாளிகளுக்கென்று நீங்கள் எடுத்துவைக்கும் மூன்றாம் வருஷத்துப் பங்கை நன்றியோடு ஏற்றுக்கொள்கிறோம். அனுப்பும்போது ‘ஏழை நோயாளிகளுக்கு’ என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். அந்தக் கணக்கில்தான் வரவு வைப்போம்.