வீட்டைப் பூட்டும் முன் கம்ப்யூட்டரைத் தயார் செய்வது எப்படி?

ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள், தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் மீன் பிடிக்கச் செல்வதில்லை. மீன்பிடித் தடைக்காலம். அந்த நாட்களில் தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகப் பக்கம் போனால் படகுகளைக் கரையேற்றி, ஒட்டியிருக்கும் பாசியையும் சிப்பியையும் சுரண்டி, பெயின்ட் அடித்து, எஞ்சினைப் பிரித்து வேலை பார்ப்பதைக் காணலாம். ஓடும் படகைவிடச் சும்மா நிற்கும் படகுக்குத்தான் கவனிப்பு அதிகம் தேவை என்பது அவர்களுக்குத் தெரியும்.

கம்ப்யூட்டருக்கும் இது பொருந்தும். நம்மில் பலர் வீட்டைப் பூட்டிவிட்டுப் பல மாதங்கள் வெளியூரில் இருக்க நேர்கிறது. மகளின் பிரசவத்துக்கு வெளிநாடு செல்பவர்கள், கப்பலில் வேலை பார்ப்பவர்களின் குடும்பங்கள், பணி மாறுதலில் செல்பவர்கள் என்று பட்டியல் நீளும். கேஸ் சிலிண்டரை மூடுகிறோம், மெயின் ஸ்விட்சை அணைக்கிறோம். கம்ப்யூட்டரை மட்டும் "ஷட் டவுன்" செய்துவிட்டுப் போய்விடுகிறோம். அது போதாது. நான் பட்டுத் தெரிந்துகொண்டதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீடு தூத்துக்குடியில், கடலில் இருந்து நடந்து போகும் தூரத்தில் உள்ளது. 2019 டிசம்பரில் அக்காவின் இரண்டாவது பிரசவத்துக்காக அப்பாவும் அம்மாவும் சென்னைக்குப் போனார்கள். கம்ப்யூட்டரில் தூசி படியக் கூடாதே என்று பெரிய பாலித்தீன் கவர் வாங்கி, சி.பி.யு.வை அதற்குள் வைத்து, கயிற்றால் இறுகக் கட்டியது நான்தான். அன்று மழை. மூன்று மாதம் என்று போனவர்கள், 2020 மார்ச் மாத ஊரடங்கால் எட்டு மாதம் கழித்துத்தான் திரும்ப முடிந்தது. வந்த அன்றே நான் கவரைப் பிரித்து, பிளக்கைச் சொருகி, ஸ்விட்சைப் போட்டேன். கருகிய வாசனை வந்தது. திறந்து பார்த்தால் உள்ளே தகடெல்லாம் துரு. ஹார்ட் டிஸ்க்கின் அடியில் உள்ள சர்க்யூட் போர்டில் பச்சை படிந்திருந்தது.

அந்த ஹார்ட் டிஸ்க்கில்தான் எங்கள் ஆச்சியின் குரல் இருந்தது. 1961-ல் தூத்துக்குடியில் நடந்த கடைசி முத்துக்குளிப்பைச் சிறுமியாக இருந்தபோது பார்த்தவர் அவர். கரையில் கிடந்த சிப்பிக் குவியல், ஏலம் போடும் சத்தம், அழுகிய சிப்பியின் நாற்றம் என்று 40 நிமிடம் பேசியதை மொபைலில் பதிந்து, கம்ப்யூட்டரில் காப்பி செய்துவிட்டு, மொபைலில் இடமில்லை என்று அங்கே அழித்திருந்தேன். ஆச்சி இப்போது இல்லை. டேட்டா மீட்பவரிடம் கொடுத்ததில் சில போட்டோக்கள் கிடைத்தன. அந்தக் குரல் கிடைக்கவில்லை.

விசைப்படகு வைத்திருக்கும் என் மாமாவிடம் இதைச் சொன்னபோது அவர் கேட்டது: "ஏல மருமவனே, படகை மூடுதவன் காத்துக்கு வழி விட்டுல்லா மூடுவான். நீ எதுக்குல மழையையும் உள்ள வச்சுக் கட்டுன?"

அவர் சொன்னதுதான் இந்தக் கட்டுரையின் அடிப்படை.

ஓடாத கம்ப்யூட்டர் ஏன் கெடுகிறது?

தினமும் ஓடும் கம்ப்யூட்டரின் உட்பகுதி அறையைவிடச் சூடாக இருக்கும். அந்தச் சூட்டில் ஈரம் தங்காது. அணைத்து வைத்த கம்ப்யூட்டருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை.

கடற்கரை ஊர்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. காற்றில் வரும் உப்பு, தூசியோடு சேர்ந்து போர்டுகளில் படிகிறது. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால், உப்பு அந்த ஈரத்தை இழுத்துக் கரைந்து நீராகிவிடும். மழை நாளில் உப்பு ஜாடி கசிவதைப் பார்த்திருப்பீர்களே, அதுதான். உப்பு நீர் மின்சாரத்தைக் கடத்தும், உலோகத்தை அரிக்கும். பல ஆண்டுகள் ஓடிய எங்கள் கம்ப்யூட்டர் எட்டு மாத ஓய்வில் கெட்டதற்குக் காரணம் இதுவே. பாலித்தீன் கவர் ஈரத்தை உள்ளே விடாமல் தடுக்கவில்லை. உள்ளே இருந்த ஈரத்தை வெளியே விடாமல் தடுத்தது.

இனி செய்ய வேண்டியவற்றை வரிசையாகப் பார்ப்போம்.

1. பேக்கப் எடுங்கள், திறந்து பாருங்கள்

கம்ப்யூட்டரை மீண்டும் வாங்கலாம், அதில் உள்ளவற்றை வாங்க முடியாது. எனவே முதல் வேலை இதுதான். முக்கியமான பைல்களுக்கு மொத்தம் மூன்று காப்பிகள் இருக்கட்டும். ஒன்று கம்ப்யூட்டரில், ஒன்று வெளியே இணைக்கும் ஹார்ட் டிஸ்க்கில், ஒன்று வேறு ஊரில் அல்லது கூகுள் டிரைவ் போன்ற இணையச் சேமிப்பில். வெளி ஹார்ட் டிஸ்க்கை அதே வீட்டில் வைத்துப் பூட்டாதீர்கள். கையோடு கொண்டு செல்லுங்கள், அல்லது உறவினர் வீட்டில் கொடுத்து வையுங்கள்.

காப்பி ஆகிவிட்டது என்று கம்ப்யூட்டர் சொல்வதோடு நிறுத்த வேண்டாம். வேறு கம்ப்யூட்டரில் இணைத்து, நான்கைந்து பைல்களைத் திறந்து பாருங்கள். பென் டிரைவை ஒரே பேக்கப்பாக நம்ப வேண்டாம்.

உங்கள் கம்ப்யூட்டரில் ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்.எஸ்.டி. இருந்தால் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். எஸ்.எஸ்.டி. தகவல்களை மின்னேற்றமாகச் சேமிக்கிறது. மின்சாரம் இல்லாமல் நீண்ட காலம் கிடந்தால் இது மெல்லக் கசியும். வீட்டு உபயோக எஸ்.எஸ்.டி.க்கான தர அளவு, அதன் எழுதும் ஆயுள் முழுவதும் தீர்ந்த பிறகும் 30 டிகிரி வெப்பத்தில் ஓர் ஆண்டு தகவல் தங்க வேண்டும் என்கிறது. எனவே நல்ல நிலையில் உள்ள எஸ்.எஸ்.டி. சில மாதங்களைத் தாங்கும். ஆனால் வெப்பம் கூடினால் இந்தக் காலம் குறையும்.

2. பாஸ்வேர்டும் ரிகவரி கீயும்

விண்டோஸ் 11 உள்ள பல கம்ப்யூட்டர்களில் மைக்ரோசாப்ட் அக்கவுண்ட் மூலம் நுழையும்போதே, டிஸ்க் முழுவதும் தானாகப் பூட்டப்பட்டுவிடும். இதற்கு 48 இலக்க ரிகவரி கீ ஒன்று உண்டு. மதர்போர்டில் உள்ள சிறிய பேட்டரி தீர்ந்து பயாஸ் அமைப்புகள் மாறினால், திரும்பி வந்ததும் கம்ப்யூட்டர் இந்த எண்ணைக் கேட்கக்கூடும். உங்கள் மைக்ரோசாப்ட் அக்கவுண்ட் தளத்தில் நுழைந்து அதைப் பார்த்து, தாளில் எழுதிக் கையோடு வைத்துக்கொள்ளவும்.

ஓ.டி.பி. வரும் மொபைல் எண்ணையும் மறக்க வேண்டாம். டிராய் விதிகளின்படி, 90 நாட்கள் எந்தப் பயன்பாடும் இல்லாத ப்ரீபெய்ட் சிம் துண்டிக்கப்படலாம். வெளிநாடு செல்பவர்கள் சிம்மைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போனால், திரும்பி வரும்போது எண் உங்களுடையதாக இல்லாமல் போகலாம். ரீசார்ஜ் செய்து பயன்பாட்டில் வைத்திருக்கவும்.

3. முழுமையாக அணைத்தல்

விண்டோஸில் சாதாரணமாக ஷட் டவுன் கிளிக் செய்தால், அடுத்த முறை வேகமாகத் துவங்குவதற்காகச் சில தகவல்களை டிஸ்க்கில் எழுதி வைத்துக்கொண்டு அரைத் தூக்கத்தில்தான் போகும். முழுமையாக அணைக்க, கீ போர்டில் ஷிப்ட் கீயை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஷட் டவுன் கிளிக் செய்திடவும்.

பின்னர் எல்லா பிளக்குகளையும் சுவரில் இருந்து பிடுங்கவும். ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது. இடி மின்னலின்போது வரும் மின் அதிர்ச்சி ஒயர் வழியாக வரும். பிராட்பேண்ட் மோடத்தின் பவர் பிளக்கையும், அதில் இருந்து கம்ப்யூட்டருக்கு வரும் நெட்வொர்க் கேபிளையும் கழற்றிவிடவும்.

4. பேட்டரிகள்

லேப்டாப்: பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்து வைக்கவும் கூடாது, காலியாகவும் வைக்கக் கூடாது. சுமார் 50 சதவீதம் இருக்கும்போது அணைக்கவும். முழுச் சார்ஜும் வெயிலும் சேர்ந்தால் பேட்டரியின் ஆயுள் குறையும். காலியாக வைத்தால் மேலும் இறங்கி, பின்னர் சார்ஜே ஏறாமல் போகலாம். ஆறு மாதத்துக்கு மேல் என்றால் இடையில் ஒருமுறை பாதி வரை சார்ஜ் செய்யச் சொல்லுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் அதைப் பூட்டிய வீட்டில் விட்டுச் செல்லவே கூடாது. கழற்றிக் கொடுத்துவிட வேண்டும்.

யு.பி.எஸ்.: இதில் உள்ளது ஈய அமில பேட்டரி. இதற்கு நேர் எதிரான விதி. இதை முழுதாகச் சார்ஜ் செய்து, பின் அணைத்து, பிளக்கை எடுத்து வைக்கவும். சும்மா இருந்தாலும் சார்ஜ் இறங்கும். காலியாகக் கிடந்தால் தகடுகளில் சல்பேட் படிந்து வீணாகும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை யாராவது சார்ஜ் செய்தால் நல்லது.

ஒயர்லெஸ் மவுஸ், கீ போர்ட், ரிமோட் ஆகியவற்றில் உள்ள பேட்டரிகளைக் கழற்றிவிடவும். கசிந்து உள்ளே அரிக்கும்.

5. பிரிண்டர்

இங்க் ஜெட் பிரிண்டரை அதன் சொந்த பட்டன் மூலம் அணைக்கவும். அப்போதுதான் ஹெட் தன் இடத்துக்குப் போய் மூடிக்கொள்ளும். நேராகச் சுவர் ஸ்விட்சை அணைத்தால் ஹெட் திறந்தபடி நின்று மை காய்ந்து அடைத்துக்கொள்ளும். கார்ட்ரிட்ஜைக் கழற்ற வேண்டாம். சாவி கொடுத்திருக்கும் உறவினர் மாதம் ஒருமுறை கலர் பக்கம் ஒன்று பிரிண்ட் எடுத்தால் இன்னும் நல்லது. லேசர் பிரிண்டருக்கு இந்தத் தொல்லை இல்லை.

6. மூடி வைக்கும் முறை

சரியான வழிகள் இரண்டுதான்.

முதல் வழி, முழுதாக அடைப்பது. லேப்டாப், வெளி ஹார்ட் டிஸ்க், கேமரா போன்ற சிறிய பொருட்களுக்கு இது ஏற்றது. காற்றுப் புகாத மூடி உள்ள பிளாஸ்டிக் டப்பாவில், சிலிக்கா ஜெல் பாக்கெட்டுகளோடு வைத்து மூடவும். ஈரம் ஏறினால் நிறம் மாறும் சிலிக்கா ஜெல் கிடைக்கிறது. ஆரஞ்சில் இருந்து பச்சையாகும் வகையை வாங்கவும். நீல நிற வகையில் உள்ள கோபால்ட் உப்பு உடலுக்குக் கெடுதல். மழை நாளில் அடைக்காமல், நல்ல வெயில் அடிக்கும் நாளில் அடைக்கவும்.

இரண்டாவது வழி, காற்றோட்டமாக மூடுவது. டெஸ்க்டாப் சி.பி.யு., மானிட்டர் போன்ற பெரியவற்றுக்கு இது. முதலில் தூசியை ஊதிச் சுத்தம் செய்து, பருத்தித் துணியால் தளர்வாக மூடவும். பின்பக்கம் மூடியில்லாத ஸ்லாட் இருந்தால் தகடு போடவும். இல்லாவிட்டால் பல்லி முட்டை இடும், எறும்பு கூடு கட்டும். இரண்டுக்கும் நடுவே, நான் செய்ததுபோல் பாலித்தீனில் சுற்றிக் கட்டுவதுதான் மிக மோசமான வழி.

7. வைக்கும் இடம்

தரையில் வைக்க வேண்டாம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்த மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. பதிவானது. தூத்துக்குடி நகரின் பல தெருக்களில் நாட்கணக்கில் தண்ணீர் நின்றது. தரையில் இருந்த சி.பி.யு.க்கள் முதலில் மூழ்கின.

அதற்காக மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள பரணும் வேண்டாம். கோடையில் அங்கே வெப்பம் மிக அதிகம். வெயில் நேரடியாகப் படாத உள் அறையில், இடுப்புக்கு மேல் உயரமுள்ள அலமாரித் தட்டு நல்லது. சுவரை ஒட்டாமல் சற்று இடைவெளி விடவும். கீழ்த்தளத்தில் தண்ணீர் ஏறும் பகுதி என்றால் மாடி அறையைத் தேர்ந்தெடுக்கவும்.

திரும்பி வந்ததும்

வந்த அன்றே ஸ்விட்ச் போடாதீர்கள். ஜன்னல்களைத் திறந்து, துணியை எடுத்து, ஒரு நாளாவது மின்விசிறிக் காற்றில் விடுங்கள். பின்னர் பக்கத் தகட்டைக் கழற்றி, துரு, பச்சைப் படிவு, பூச்சி இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் திறக்க வேண்டாம். அதற்குள் உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும். பச்சையோ துருவோ தெரிந்தால், மின்சாரம் கொடுக்காமல் மெக்கானிக்கிடம் காட்டவும். தண்ணீரில் நனைந்த ஹார்ட் டிஸ்க்கை எந்தச் சூழ்நிலையிலும் இயக்கிப் பார்க்க வேண்டாம்.

ஓடத் தொடங்கியதும் முதலில் தேதியைக் கவனியுங்கள். தவறான தேதி காட்டினால் மதர்போர்டில் உள்ள சி.ஆர். 2032 என்ற நாணய வடிவ பேட்டரி தீர்ந்திருக்கும். குறைந்த விலையில் கிடைக்கும், மாற்றிவிடலாம். தேதி தவறாக இருந்தால் வங்கி உள்ளிட்ட பல இணையதளங்கள் "பாதுகாப்பற்றது" என்று எச்சரிக்கும். தேதியைச் சரிசெய்தால் இது போய்விடும். பின்னர் விண்டோஸ் அப்டேட், ஆன்டி வைரஸ் அப்டேட் இரண்டையும் முடித்த பிறகே மற்ற வேலைகளைத் தொடங்கவும்.

கிளம்பும் நாளில் சரிபார்க்க:

* பேக்கப் எடுத்து, திறந்து பார்த்தாயிற்றா? அது வீட்டுக்கு வெளியே இருக்கிறதா?
* ரிகவரி கீ எழுதியாயிற்றா? சிம் ரீசார்ஜ் ஆயிற்றா?
* ஷிப்ட் அழுத்தி ஷட் டவுன் செய்தாயிற்றா? பிளக்குகள் வெளியே இருக்கின்றனவா?
* லேப்டாப் 50 சதவீதம், யு.பி.எஸ். முழுச் சார்ஜ்?
* பிரிண்டர் அதன் பட்டனில் அணைந்ததா?
* காற்றுப் புகாத டப்பா அல்லது பருத்தித் துணி. பாலித்தீன் இல்லையே?
* தரையில் இல்லை, பரணில் இல்லை?

எல்லாவற்றுக்கும் நேரம் இல்லை என்றால் முதல் வரியை மட்டுமாவது செய்துவிட்டுப் புறப்படுங்கள். துருப்பிடித்த சி.பி.யு.வுக்குப் பதில் நாங்கள் புதிது வாங்கிவிட்டோம். ஆச்சியின் குரலை எந்தக் கடையிலும் வாங்க முடியவில்லை.