நனையாத சவ்வும் நனைந்த சவ்வும்

வடை வைத்த காகிதத்தில் எண்ணெய் பட்ட இடம் மட்டும் ஒளி ஊடுருவும்படி ஆகிவிடுவதை எல்லோரும் கண்டிருப்பர். நார்களுக்கிடையே உள்ள காற்று ஒளியைச் சிதறச் செய்வதால் காகிதம் வெண்மையாகத் தோன்றுகிறது. காற்றிருந்த இடத்தில் எண்ணெய் நிரம்பியதும் சிதறல் குறைந்து, ஒளி ஊடே செல்கிறது. நுண்துளைச் சவ்வொன்றில் திரவம் புகுந்ததா என்று காணும் முறைகளுள் மிக எளியது இதுவேயாகும்.

மைசூருவில் 1950-ஆம் ஆண்டு அக்டோபர் 21-ஆம் நாள் செலுவாம்பா மாளிகையில் தொடங்கப்பெற்ற மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தில், பழச்சாற்றைக் காய்ச்சாமலே செறிவாக்கும் முறையொன்று ஆராயப்பட்டுள்ளது. சாத்துக்குடிச் சாற்றையும், ஸ்பைருலினா பாசியின் நீல நிறப்பொருளாகிய ஃபைக்கோசயனினையும் பற்றிய அவ்வாராய்ச்சி 2006-இல் வெளிவந்தது. காய்ச்சினால் மணம் ஆவியோடு அகலும், நிறமும் கெடும். இம்முறையிலோ, நீரை ஏற்காத சவ்வின் ஒருபுறம் சாறும், மறுபுறம் கால்சியம் குளோரைடு போன்ற உப்பின் செறிந்த கரைசலும் ஓடுகின்றன. உப்புக் கரைசலின் ஆவியழுத்தம் குறைவாதலின், சாற்றிலுள்ள நீர் ஆவியாகத் துளைகளைக் கடந்து உப்புக் கரைசலைச் சேர்கிறது. அறை வெப்பநிலையிலேயே இது நிகழ்கிறது.

துளைகளில் காற்று நிற்கும் வரையில்தான் இவ்வேலை நடைபெறும். குடிநீரை வடிகட்டும் சவ்வில் துளை நனைந்தால்தான் நீர் ஓடும். இங்கு நனைவதே கேடு. சில துளைகள் நனைந்தாலும் உப்பு சாற்றினுள் பரவ வழி திறந்துவிடும். சாறு முழுவதும் குடிக்கத் தகாததாகிவிடும்.

நனையுமா நனையாதா என்பதைத் தொடுகோணம் காட்டும். சவ்வின்மேல் வைத்த துளியைப் பக்கவாட்டில் படமெடுத்து, துளியின் விளிம்பு சவ்வைத் தொடும் கோணத்தை அளக்கின்றனர். இக்கோணத்தைப் பற்றித் தாமஸ் யங் 1805-ஆம் ஆண்டிலேயே விளக்கினார். கோணம் 90 பாகைக்கு மேற்பட்டால் திரவம் தானாகப் புகாது. அழுத்திப் புகுத்த வேண்டும். துளையின் விட்டம் 0.2 மைக்ரான், கோணம் 110 பாகை எனக் கொண்டால், தூய நீரைப் புகுத்த ஏறக்குறைய 5 வளிமண்டல அழுத்தம் தேவை. விட்டம் 2 மைக்ரான் ஆயின் அரை வளிமண்டலமே போதும். சவ்வில் எங்கோ ஓரிடத்தில் அமைந்துவிட்ட பெருந்துளை தொல்லை தருவது இதனாலேயே.

துளைக்குள் நிகழ்வதைப் படமெடுப்பது எளிதன்று. ஒளி நுண்ணோக்கி பிரித்துக் காட்டும் எல்லையும் ஏறத்தாழ 0.2 மைக்ரானே. ஆகவே ஒளிரும் சாயம் கலந்த திரவம் எவ்வளவு ஆழம் சென்றதென்று காணலாமேயன்றித் தனித் துளையைக் காணவியலாது. எலெக்ட்ரான் நுண்ணோக்கி துளையை நன்கு காட்டும். ஆனால் அதன் வெற்றிடத்தில் திரவம் ஆவியாகிவிடும். எனவே சவ்வைத் திடீரென உறையவைத்து, குறுக்கே உடைத்து, எத்துளைகளில் பனிக்கட்டி உள்ளதென்று பார்க்கின்றனர். பெறப்படுவது ஒரு கணத்தின் படம் மட்டுமே.

நீரைக் காட்டிலும் அஞ்சத்தக்கது தோலெண்ணெய். சாத்துக்குடி, ஆரஞ்சு முதலியவற்றின் தோலிலுள்ள லிமோனீனின் பரப்பு இழுவிசை நீரினதில் பாதிக்கும் குறைவு. நீரை விலக்கும் சவ்வு இதனை விலக்குவதில்லை. ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர் 1999-இல், நீரை விரும்பும் பாலிவினைல் ஆல்கஹாலை மெல்லிய படலமாகச் சவ்வின்மேல் பூசி எண்ணெயைத் தடுக்கும் வழியை வெளியிட்டனர்.

வகுப்பில் இதனைக் காட்டக் குழாய் இணைப்புகளில் சுற்றும் வெள்ளை டெஃப்ளான் நாடா போதும். அதன்மேல் விட்ட நீர்த்துளி உருண்டு நிற்கும். சாத்துக்குடித் தோலை நாடாவின் அருகே மடித்துப் பிழிந்தால், தெறித்த எண்ணெய் படிந்த புள்ளிகள் வெண்மை மங்கித் தோன்றும். நாடாவை வெளிச்சத்திற்கெதிரே பிடித்துப் பார்த்தல் நலம்.

களப்பணியில் மின் கடத்துமையளவி உதவும். பழச்சாற்றிலேயே உப்புகள் இருப்பதால், முதலில் சாற்றுக்குப் பதில் தூய நீரை ஓட்டிப் பார்க்க வேண்டும். அந்நீரின் கடத்துமை ஏறினால் சவ்வு நனைந்துவிட்டதென அறியலாம். அதனை வெறுமனே உலர்த்துவதில் பயனில்லை. துளைச் சுவரில் தங்கிய உப்பு மீண்டும் நீரை ஈர்க்கும். தூய நீரால் நன்கு கழுவிய பின்னரே உலர்த்துதல் வேண்டும்.