வளையம் கண்டதும் கோள் என்று எழுதிவிடாதே

அன்புள்ள தம்பி,

கோள்கள் உருவாகும் வட்டுகளையே ஆய்வுக்கு எடுத்துக்கொண்டாய் என்று கேள்விப்பட்டு மகிழ்ந்தேன். உன் மேசைக்கு மேலே ஹெச்.எல். டவுரியின் படம் ஒட்டியிருக்கும் என்று நினைக்கிறேன். இந்தத் துறையில் அதை ஒட்டாதவர் யார்? சுமார் 450 ஒளியாண்டு தொலைவில், பத்து லட்சம் வயதுகூட நிரம்பாத ஒரு விண்மீன். அதைச் சுற்றி ஒளியும் இருளும் மாறிமாறி வளையங்கள். 2014 நவம்பரில் சிலியின் ஆல்மா தொலைநோக்கி அந்தப் படத்தை வெளியிட்டபோது, இத்தனை இளவயதில் ஒரு வட்டு இப்படிப் பிரிந்திருக்கும் என்று எதிர்பார்த்தவர்கள் குறைவு. ஒவ்வோர் இருண்ட வளையத்திலும் ஒரு கோளைக் குடிவைத்துப் பலரும் எழுதினார்கள். அங்கே ஒரு கோளைக்கூட உறுதியாகக் கண்டவர் இன்றுவரை இல்லை.

ஆல்மா காட்டுவது மில்லிமீட்டர் அளவுத் தூசு எங்கே குவிந்திருக்கிறது என்பதை. ஏன் குவிந்தது என்பது வேறு கேள்வி. வட்டிலுள்ள வாயுவை அதன் அழுத்தம் சற்றே தாங்கிப் பிடிப்பதால், அது தூசைவிட மெதுவாகச் சுற்றுகிறது. தூசுக்கு அது எதிர்க்காற்று. அதனால் தூசு வேகம் இழந்து விண்மீனை நோக்கிச் சரிகிறது. வழியில் எங்காவது அழுத்தம் மேடுகட்டி நின்றால், தூசு அங்கே தங்கிவிடும். அந்த மேட்டைக் கோள் உண்டாக்கலாம், காந்தப்புலமும் உண்டாக்கலாம். வாயுக்கள் பனியாக உறையும் எல்லையில் தூசுத் துகளின் தன்மையே மாறி, மேடு இல்லாமலே வளையம்போல் தோன்றலாம். ஏஎஸ் 209 என்ற வட்டைக் கணினியில் உருவகித்தவர்கள், வாயுவின் பிசுபிசுப்பு குறைவாக இருந்தால் அதன் பல இடைவெளிகளையும் ஒரே கோள் உண்டாக்க முடியும் என்று காட்டினார்கள். ஆக, இடைவெளிகளை எண்ணிக் கோள்களை எண்ணும் கணக்கு எந்தப் பக்கமும் தவறலாம்.

இதற்கும் முன்னால் ஒரு படி உண்டு. புதிதாக வருபவர்கள் அதை அவசரமாகத் தாண்டிவிடுகிறார்கள். உன் கைக்கு வருவது படமே அல்ல. சஹ்னந்தோர் சமவெளியில், 5,000 மீட்டர் உயரத்தில், ஆல்மாவின் 66 ஆண்டெனாக்கள் நிற்கின்றன. அவற்றில் 43 சேர்ந்து இயங்கினால் 903 ஜோடிகள்; ஒவ்வொரு ஜோடியும் ஒரு கணத்தில் வானத்தின் ஒரே ஓர் அலைக்கூறை மட்டும் அளக்கிறது. அளக்காத கூறுகள் ஏராளம். கோலத்துக்குப் புள்ளி வைத்த மாதிரிதான்: அதே புள்ளிகளில் இரண்டு பேர் இரண்டு கோலம் போடலாம், இரண்டும் புள்ளிக்குப் பொருந்தும். அளவுகளைப் படமாக்கும் கிளீன் நிரல் போட்டுக் கொடுப்பது அவற்றில் ஒன்று. எடையிடும் முறையை மாற்றினால் மங்கலான வளையம் கூர்மையாகும், இல்லாத கரையும் முளைக்கும். அதனால் அழகான படத்தோடு, நிரல் விளக்காமல் விட்ட மிச்சப் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார். அங்கே ஒழுங்கான வடிவம் எதுவும் தெரிந்தால், வேலை முடியவில்லை என்று பொருள். குவேசாரை வைத்துச் செய்த கட்டத் திருத்தத்தையும் மறுபடி பார்த்துவிடு. ஆண்டெனாக்களுக்கு மேலே அலைந்து கட்டத்தைக் குலைக்கும் நீராவி யாருடைய ஆர்வத்துக்கும் காத்திருப்பதில்லை.

எல்கேசிஏ 15 விண்மீனின் கதையை உன் வழிகாட்டி சொல்லியிருப்பார். வட்டின் நடுவிலுள்ள வெளியில் 2012-இல் ஒரு கோள் அறிவிக்கப்பட்டது. 2015-இல் இன்னும் சில சேர்ந்தன. பிறகு 2019-இல் ஹவாயின் சுபாரு, கெக் தொலைநோக்கிகளால் நேராகப் படமெடுத்தபோது, அந்த ஒளியில் பெரும்பகுதி உள்வட்டினுடையது என்று தெரிந்தது. முதலில் அறிவித்தவர்கள் திறமை குறைந்தவர்கள் அல்லர்; அன்றைய கருவியின் எல்லையில் நின்று பார்த்தவர்கள். இதற்கு எதிர்ப்பக்கம் பிடிஎஸ் 70. 2018-இல் அதன் இடைவெளிக்குள் ஒரு கோள் கண்டுபிடிக்கப்பட்டபோது, ஒரே இரவை நம்பி யாரும் எழுதவில்லை. வெவ்வேறு கருவிகள், வெவ்வேறு ஆண்டுகள், பழைய தரவுகள் எல்லாவற்றிலும் அது இருந்தது. அடுத்த ஆண்டு ஹைட்ரஜன் ஒளியில் இரண்டாவது கோள் அகப்பட்டது. 2021-இல் அந்த இரண்டாவதைச் சுற்றியே ஒரு சிறு தூசு வட்டு இருப்பதை ஆல்மா காட்டியது.

எனக்குப் பிடித்த வழி வாயுவைக் கேட்பது. கார்பன் மோனாக்சைடின் நிறமாலைக் கோட்டை வேகவாரியாகப் பிரித்து, ஹெச்டி 163296 வட்டில் சுழற்சி எங்கே ஒழுங்கிலிருந்து விலகுகிறது என்று 2018-இல் இரண்டு குழுக்கள் பார்த்தன. ஒன்று அழுத்த மேடுகளை அளந்து இரண்டு கோள்களைச் சொன்னது. இன்னொன்று விண்மீனிலிருந்து வெகு தொலைவில் வேகத்தில் ஒரு கோணலைக் கண்டு அங்கே ஒரு கோளைச் சொன்னது. தூசைவிட இது நேரடியான சாட்சி. உழைப்பும் அதிகம்.

அதே விண்மீனில் இன்னொன்றும் கற்கலாம். அது 122 பார்செக்கில் இருப்பதாக வெகுநாள் எழுதிக்கொண்டிருந்தோம். கையா விண்கலம் 101 என்று அளந்தது. நிறை தொலைவின் வர்க்கத்தைப் பொறுத்தது அல்லவா? வட்டின் நிறை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஒரே நாளில் குறைந்தது. தூசின் ஒளிபுகாமை எண்ணோ அதைவிட ஆட்டமானது. 1990-இல் எடுத்துக்கொண்ட மதிப்பைத்தான் இன்னும் பலர் போடுகிறோம். உன் அட்டவணையில் நிறையை மூன்று தசமம் வரை எழுதினால் நடுவர் சிரிப்பார். நானாக இருந்தால் திருப்பியே அனுப்பிவிடுவேன்.

விண்ணப்பம் எழுதும்போது பிரகாசமான பெரிய வட்டுகளையே தேடாதே. 2018-இல் வந்த டிஷார்ப் தொகுப்பின் 20 வட்டுகளும் பெரும்பாலும் அப்படிப்பட்டவை; நம் பாடப்படங்கள் எல்லாம் அங்கிருந்து வந்ததால் உலகமே அப்படி என்று தோன்றும். ஓநாய் மண்டலத்தில் மொத்தமாகக் கணக்கெடுத்தபோது பெரும்பாலானவை சிறியவை, மங்கலானவை. அவற்றில் வளையம் இருக்கிறதா என்பதே பல இடங்களில் திறந்த கேள்வி. நேரம் கிடைப்பது கடினம், ஆனாலும் கேள்.

அதுவரை சும்மா இருக்க வேண்டாம். டிஷார்ப் தரவுகள் திருத்தம் செய்யப்பட்ட நிலையில், நிரல்களோடு, எவரும் எடுத்துக்கொள்ளும்படி கிடைக்கின்றன. ஏஎஸ் 209-ஐ இறக்கி, எடையிடலைத் தீர்மானிக்கும் ரோபஸ்ட் எண்ணை மாற்றி இரண்டு படம் செய். மிச்சப் படங்களையும் சேர்த்து எனக்கு அனுப்பு. எந்த வளையம் இரண்டிலும் நிற்கிறது என்று உன் கையால் ஒரு பக்கம் எழுதி வை.

அன்புடன்,
உன் அண்ணன்