நகருக்கும் வயலுக்கும் நடுவே ஒரு கோடு

நகரை ஒட்டி நிலம் வைத்திருக்கும் உழவருக்கு, வீட்டுமனைகள் எந்தப் பக்கம் வளரும் என்பது பெரிய கேள்வி. பக்கத்து வயல் மனையானால் வாய்க்கால் தூர்ந்துபோகும். மருந்து தெளித்தால் புகார் வரும். நிலத்தின் விலை விளைச்சலால் ஈடுகட்ட முடியாத உயரத்துக்குப் போய்விடும். அமெரிக்காவின் ஓரிகான் மாநிலம் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறது. அதனை விவசாயப் பெருமக்கள் அறிந்துகொள்வது நல்லது.

சட்டம் பிறந்த வகை

ஓரிகானில் உள்ள வில்லாமெட் பள்ளத்தாக்கு வளமான பூமி. புல் விதை, ஹேசல் கொட்டை, பெர்ரிப் பழங்கள், திராட்சை ஆகியவை அங்கு விளைகின்றன. போர்ட்லாந்து, சேலம் முதலிய நகரங்களும் அதே பள்ளத்தாக்கில்தான் அமைந்துள்ளன. வீடுகள் வயல்களுக்குள் சிதறிப் பரவுவதைத் தடுக்க, மாநில செனட் உறுப்பினராக இருந்த ஹெக்டர் மெக்பர்சன் என்ற பால்பண்ணை விவசாயி முன்னின்று உழைத்தார். ஆளுநர் டாம் மெக்கால் துணை நிற்க, 1973ல் நிலப் பயன்பாட்டுச் சட்டம் நிறைவேறியது.

அதன் வழியே ஒவ்வொரு நகரைச் சுற்றியும் வளர்ச்சி எல்லைக்கோடு வரையப்பட்டது. கோட்டுக்கு உள்ளே நகரம் வளரலாம். வெளியே, விவசாயத்துக்கென வரையறுத்த நிலத்தில் நகர மனைப்பிரிவு போட இயலாது. அங்கு பயிர் செய்யும் நிலத்துக்கு மனை விலையை வைத்து வரி போடுவதில்லை; விவசாய மதிப்பை வைத்தே போடுகிறார்கள்.

இருவரும் ஒப்பவேண்டும்

கோட்டை நகரம் தன் விருப்பப்படி நகர்த்த முடியாது. கோட்டுக்கு வெளியே உள்ள நிலம், நம் மாவட்டத்தை ஒத்த 'கவுன்டி' நிர்வாகத்தின் பொறுப்பில் உள்ளது. ஆகவே நகரமும் கவுன்டியும் பேசி, இரண்டும் ஏற்கவேண்டும். பேச்சு கீழ்க்கண்ட வரிசையில் நடக்கும்:

1. அடுத்த 20 ஆண்டுகளில் வீட்டுக்கும் தொழிலுக்கும் எவ்வளவு நிலம் தேவை என்று நகரம் கணக்கிட்டுக் காட்டவேண்டும்.

2. கோட்டுக்குள்ளேயே உள்ள காலியிடங்களில் அத்தேவை அடங்குமா என்று பார்க்கவேண்டும்.

3. அடங்காவிடில், நகருக்கென முன்பே ஒதுக்கிய நிலத்தையும், ஏற்கெனவே வீடுகள் எழும்பிவிட்ட நாட்டுப்புற நிலத்தையும் முதலில் எடுக்கவேண்டும்.

4. அதுவும் போதாவிடில்தான் விளைநிலம். அதிலும் மண் வளம் குறைந்த நிலம் முன்னே, வளம் மிகுந்த நிலம் கடைசியாக.

இழுபறி இங்குதான் வருகிறது. குழாய் பதிக்கவும் சாலை போடவும் சமதளமான நிலமே நகருக்கு வசதி. உழவனுக்கும் அதுவே நல்ல நிலம்.

மெக்மின்வில் தரும் பாடம்

யாம்ஹில் கவுன்டியில் உள்ள சிறு நகரம் மெக்மின்வில். 2003ல் அது தன் கோட்டை விரிவாக்க முனைந்தது. விளைநில ஆர்வலர்கள் வழக்குத் தொடுத்தனர். நிலங்களை எடுக்கும் வரிசை சரியாகப் பின்பற்றப்படவில்லை என்று 2011ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் திட்டத்தைத் திருப்பி அனுப்பியது. திருத்திய திட்டத்தை நகரமும் கவுன்டியும் 2020ல்தான் ஏற்றன. இந்த நீண்ட தாமதத்தால் வீட்டுக்கு இடம் கிடைக்காமல் நகரத்தாரும் தொல்லைப்பட்டனர் என்பதையும் மறைக்கலாகாது. வரிசையை முதலிலேயே ஒழுங்காகப் பார்த்திருந்தால் இரு தரப்புக்கும் நன்மை.

நாம் செய்யக்கூடியது

ஓரிகானின் கோடு நம்மிடம் இல்லை. எனினும் 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர், ஊரமைப்புச் சட்டப்படி, முழுமைத் திட்டத்தின் வரைவு வெளியாகும்போது ஆட்சேபணைகளும் யோசனைகளும் கேட்கப்படுகின்றன. உங்கள் ஊர் அத்திட்டப் பகுதியில் சேர்ந்திருந்தால்:

* வரைபடத்தில் உங்கள் புல எண் எந்த உபயோகத்துக்கெனக் குறிக்கப்பட்டுள்ளது என்று பாருங்கள்.

* மண் பரிசோதனை முடிவு, பாசன ஆதாரம், பயிர் விவரம் காட்டும் அடங்கல் நகல் ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள்.

* குறித்த கெடுவுக்குள் எழுத்து மூலம் தெரிவித்து, ஒப்புகைச் சீட்டு பெறுங்கள். அக்கம்பக்கத்து உழவர்களும் சேர்ந்து எழுதினால் பலன் கூடும்.

'எங்கள் நிலத்தை விட்டுவிடுங்கள்' என்று மட்டும் எழுதுவதைவிட, 'இந்த நன்செய்க்குப் பதில் அருகிலுள்ள அந்தத் தரிசைப் பாருங்கள்' என்று காரணத்துடன் எழுதுவது மேல். திட்டம் இறுதியான பின் வரும் முறையீட்டைக் காட்டிலும், வரைவு நிலையில் வரும் ஒரு தாளுக்கு மதிப்பு அதிகம்.