சிகிச்சைக்கு வருபவர்களுக்கு வீடு விடும்போது

கேள்வி: வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் மாடி வீடு காலியாக இருக்கிறது. கட்டில், ஃபிரிட்ஜ், ஏசி எல்லாம் போட்டிருக்கிறோம். சிஎம்சி மருத்துவமனைக்குச் சிகிச்சைக்கு வரும் கொல்கத்தா, வங்கதேசக் குடும்பங்கள் மூன்று மாதம், ஆறு மாதம் என்று கேட்கிறார்கள். “11 மாத அக்ரிமென்ட் போட்டு, ஆதார் நகல் வாங்கினால் போதும்” என்கிறார் புரோக்கர். போதுமா?
– வாசகி, வேலூர்

பதில்: போதாது, அம்மா. ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளரிடம் பதிய வேண்டும் என்பதால் வந்த கணக்கு அந்த 11 மாதம். 22.2.2019 முதல் நடைமுறையில் இருக்கும் 2017-ஆம் ஆண்டு தமிழ்நாடு வாடகைச் சட்டம் மாதக் கணக்கு பார்ப்பதில்லை. நகரப் பகுதியில் மூன்று மாதத்துக்கு விட்டாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். அரசின் இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். தகராறு என்று வந்தால் பதியாத காகிதம் கைகொடுக்காது.

சிகிச்சைக்கு வருபவர்களிடம் சம்பளச் சீட்டு கேட்டுப் பயனில்லை. வேலைக்கு லீவு போட்டோ, கடையைப் பூட்டியோ வந்திருப்பார்கள். கூட யார் யார் தங்குவார்கள், எதுவரை தங்குவார்கள் என்பதுதான் உங்களுக்குத் தெரிய வேண்டும். மருத்துவமனை அப்பாயின்ட்மென்ட் சீட்டைப் பார்த்தாலே உத்தேசமாகப் புரிந்துவிடும். என்ன நோய், ரிப்போர்ட் எங்கே என்று துருவாதீர்கள். அது வீட்டுக்காரருக்குத் தேவையில்லாத விஷயம், அவர்களுக்கோ வேதனை. தங்கும் எல்லோர் பெயரும் ஒப்பந்தத்தில் வரட்டும். ஆதார் நகலை வாங்கி மடித்து வைத்துவிடாமல், அதிலுள்ள கியூஆர் குறியீட்டை ஆதார் செயலியில் ஸ்கேன் செய்து பெயரையும் படத்தையும் ஒப்பிடுங்கள். ஊரிலிருக்கும் உறவினர் ஒருவரோடு, அவர்கள் முன்னாலேயே போனில் பேசிவிடுங்கள்.

வங்கதேசத்தவர் என்றால் பாஸ்போர்ட்டும் விசாவும். விசா முடியும் தேதியைத் தாண்டி ஒப்பந்தம் போடாதீர்கள். வந்த 24 மணி நேரத்துக்குள் அவர்கள் தங்கும் விவரத்தை (முன்பு ‘சி’ படிவம்) அரசுக்கு இணையத்தில் தெரிவிக்கும் பொறுப்பு இடம் கொடுப்பவருடையது. லாட்ஜுக்கு மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள், வீட்டுக்கும் உண்டு.

வேறு உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது என்கிறது சட்டம். மூன்று மாதம் தங்குபவரிடம் ஒரு மாதமே போதும் என்பேன். சிகிச்சை நீண்டால் எத்தனை நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும் என்று எழுதுங்கள். சீக்கிரம் முடிந்தாலோ, நோயாளி தவறிவிட்டாலோ, தங்கிய நாளுக்கு மட்டும் வாடகை என்றும் எழுதுங்கள். அந்த நிலையில் நிற்கும் குடும்பத்திடம் மீதி வாடகை கேட்பது தகாது. கையெழுத்துக்கு முன், வங்காளமோ இந்தியோ தெரிந்த ஒருவரை வைத்து முழுவதையும் வாசித்துக் காட்டுங்கள்.

அதிகம் சண்டை வருவது கரண்ட் பில்லில். ரீடிங் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. ஆட்கள் நடுவில் வந்து நடுவில் போவார்கள். சாவி கொடுக்கும் நாளிலும் வாங்கும் நாளிலும் மீட்டரைப் படம் எடுத்து இரு தரப்பு போனிலும் வையுங்கள். ஏசி ஓடி 500 யூனிட்டைத் தாண்டினால் அதற்குக் கீழுள்ள யூனிட்டுகளுக்கும் கட்டணம் ஏறும். அந்தக் கூடுதலை யார் ஏற்பது என்று முன்பே பேசி எழுதிவிடுங்கள்.

அட்வான்ஸைத் திருப்பித் தர சட்டத்தில் ஒரு மாத அவகாசம் உண்டு. ஆனால் காட்பாடியில் ரயில் ஏறியவர் அதற்காகத் திரும்பி வர முடியாது. காலி செய்யும் அன்று காலையிலேயே கட்டில், கீசர், சிலிண்டர் பட்டியலைச் சரிபார்த்து, கணக்கை முடித்து, பணத்தைக் கொடுத்து ரசீது எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.