18 வயது நிறைந்தால் அவளை அனுப்பிவிட வேண்டுமா?

கேள்வி: மூன்று வருஷங்களுக்கு முன், இல்லமொன்றில் வளர்ந்துவந்த பெண்ணைக் குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவுப்படி வளர்ப்புப் பராமரிப்பில் எங்கள் வீட்டுக்கு அழைத்துவந்தோம். எட்டு வயதில் தாயையும் ஒன்பது வயதில் தகப்பனாரையும் இழந்தவள். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்து, இப்போது பிளஸ் டூவில் இருக்கிறாள். இன்னும் எட்டு மாதத்தில் 18 நிறைகிறது. அன்றோடு உதவித்தொகை நின்றுவிடும், பெண்ணையும் அனுப்பிவிட வேண்டியதுதான் என்று சிலர் சொன்னதைக் கேட்டுவிட்டு, இரண்டு நாளாக அவள் சரியாகச் சாப்பிடவில்லை. சட்டம் என்ன சொல்கிறது? ஊரில் அவள் தகப்பனாரின் வீடு பெரியப்பா வசம் இருக்கிறது. அதில் அவளுக்கு உரிமை உண்டா?

— ஒரு வளர்ப்புத் தாய், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: அம்மா, முதலில் அந்தப் பெண்ணை அருகில் உட்காரவைத்து, 18 வயது நிறைந்த எவரும் தமக்கு இஷ்டமான வீட்டில், தம்மை வைத்துக்கொள்ளச் சம்மதிப்பவர்களோடு வசிக்கலாம் என்பதையும், அவளை உங்கள் வீட்டிலிருந்து அனுப்பிவிடச் சொல்லும் சட்டம் எதுவும் இந்தத் தேசத்தில் இல்லை என்பதையும், வக்கீலே எழுதியிருக்கிறார் என்று சொல்லித் தெரிவித்துவிடுங்கள். அந்த வயதோடு முடிவது, மாதந்தோறும் வரும் 4,000 ரூபாயும் அவள் விஷயத்தில் குழுவுக்கு இருந்துவந்த அதிகாரமும்தான்.

ஆனால் இந்த எட்டு மாதத்தை வீணாக்கினால் அவளுக்கு நஷ்டம் உண்டு. எப்படியென்று விவரமாகச் சொல்கிறேன். 2015-ஆம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டத்தின் 46-ஆம் பிரிவு, 18 வயது நிறைந்து பராமரிப்பு நிறுவனத்தை விட்டு வெளியேறும் பிள்ளைகளுக்குப் பொருளுதவி வழங்கலாம் என்கிறது. இதற்குப் பிற்காப்பு என்று பெயர். மத்திய அரசின் 2016-ஆம் வருஷத்து மாதிரி விதிகளில் 25-ஆவது விதி, இவ்வுதவியை 21 வயது வரையிலும், விசேஷ காரணமிருந்தால் மேலும் இரண்டு வருஷமும் அளிக்க இடங்கொடுப்பதோடு, ஆறு முதல் எட்டுப் பேர் சேர்ந்து தங்கும் வீடு, தொழிற்பயிற்சிக் காலத்தில் உதவித்தொகை, மேற்படிப்புக்கு ஸ்காலர்ஷிப், தொடர்ந்து கலந்துபேச ஓர் ஆலோசகர், சுயதொழிலுக்குக் கடன் வசதி ஆகியவற்றையும் குறிப்பிடுகிறது. உங்களுக்கு உதவித்தொகை வரும் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் பிற்காப்புக்கும் மாதம் 4,000 ரூபாய்தான்.

இங்கே இரண்டு சொற்களை நீங்கள் உற்றுநோக்க வேண்டும். ஒன்று, 'வழங்கலாம்' என்பது. 'வழங்க வேண்டும்' என்று சட்டம் கட்டளையிடவில்லையாதலால், கேளாதவருக்கு இது கிட்டாமலே போவதுண்டு. மற்றது, 'நிறுவனம்' என்பது. பிற்காப்புக்கு இலக்கணம் கூறும் இடத்திலும் சட்டம் நிறுவனப் பராமரிப்பை விட்டு வந்தவர்களையே சொல்கிறது. எனவே, உங்கள் பெண் இல்லத்திலிருந்து நேரே வரவில்லை, ஒரு குடும்பத்திலிருந்துதானே வருகிறாள் என்று காரணம் காட்டி, எவரேனும் ஒரு குமாஸ்தா மனுவைத் திருப்பிவிடக் கூடும். என் அபிப்பிராயத்தில் அப்படித் திருப்புவது தவறு. பிள்ளையை நிறுவனத்தில் சேர்ப்பது வேறு வழியில்லாதபோது கைக்கொள்ளும் கடைசி உபாயமே என்று 3-ஆம் பிரிவில் பிரகடனம் செய்கிற அதே சட்டம், ஒரு பெண் குடும்பத்தின் அரவணைப்பில் வளர்ந்தாள் என்பதற்காகவே அவளுக்கு உதவியை மறுக்கிறது என்று பொருள்கொள்வது நியாயமாகாது. தவிரவும், அவள் முன்னமே ஓர் இல்லத்தில் வளர்ந்து, அதைவிட்டு வந்தவள் என்பதும் உண்மையே.

ஆகையால், அவள் மைனராக இருக்கும்போதே, இந்த மாதமே, குழந்தைகள் நலக் குழுவுக்கு ஒரு மனு எழுதி, இல்லத்தில் சேர்ந்த தேதி, உங்கள் வீட்டுக்கு வந்த உத்தரவின் எண், அவள் படிக்க விரும்பும் படிப்பு ஆகியவற்றைக் குறிப்பிட்டு, பிற்காப்புக்கு எழுத்துமூலமான உத்தரவு கேளுங்கள். நிறுவனத்திலிருந்து வெளியேறும் பிள்ளைக்கு இரண்டு மாதம் முன்பாகவே சமூகப் பணியாளர் ஒரு திட்டம் தயாரித்துத் தரவேண்டும் என்பது விதி. உங்கள் பெண்ணுக்கும் அவ்வாறே செய்யும்படி மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகைக் கோருங்கள். குழு மறுத்தால், 30 நாளைக்குள் கலெக்டரிடம் அப்பீல் செய்யலாம். மனுவின் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள்.

காகிதங்களைப் பற்றி நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. சில வருஷங்களுக்கு முன், இல்லத்தில் வளர்ந்த ஓர் இளைஞன் மஞ்சள் பையோடு என் அறைக்கு வந்தான். பையிலிருந்த மாற்றுச் சான்றிதழில் அவன் இனிஷியல் 'மு.', மதிப்பெண் பட்டியலில் 'ச.', ஆதாரில் இனிஷியலே இல்லை. கைக்குக் கிடைத்த வேலை, இம்மூன்றையும் ஒன்றாக்குவதற்குள் வேறொருவனுக்குப் போய்விட்டது. எந்த எழுத்து உன் தகப்பனாருடையது என்று கேட்டபோது, எனக்குத் தெரியாது ஐயா என்று அவன் சொன்ன குரலை நான் மறக்கவில்லை. ஆகவே பிறப்புச் சான்று, பெற்றோர் இருவரின் இறப்புச் சான்றுகள், ஆதார், வங்கிப் புத்தகம் யாவற்றிலும் பெயரும் எழுத்தும் ஒத்திருக்கின்றனவா என்று இப்போதே பாருங்கள். வங்கிக்குப் போகும்போது அவளையே செலான் எழுதச் சொல்லுங்கள்.

இல்லத்தில் அவள் சேர்ந்த நாளைக் காட்டும் சான்றையும் கேட்டு வாங்குங்கள். பத்து வயதுக்கு முன் பெற்றோரை இழந்து, சட்டப்படியோ வழக்கப்படியோ காப்பாற்றுவோர் இல்லாமல், அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த இல்லத்தில் சேர்ந்த பிள்ளைகள், சாதி எதுவாயினும், தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இடம்பெறுகிறார்கள். தகப்பனார் வழியில் சமூகச் சான்று கிடைக்காவிட்டால், கல்லூரிச் சேர்க்கைக்கு இது பெரிய ஆதாரம். ஆனால் பெரியப்பா இருக்கிறாரே என்ற ஆட்சேபம் எழக்கூடும். அதற்கு, அவர் அவளைப் பராமரிக்க முன்வரவில்லை என்று குழு பதிவுசெய்திருந்தால் அந்தப் பதிவே பதிலாகும். அவள் அரசுப் பள்ளியிலேயே படித்தவளாதலால், கல்லூரியில் சேர்ந்ததும் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் கேட்கலாம்.

நீங்கள் கேளாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வளர்ப்புப் பராமரிப்பில் இருக்கும் பிள்ளை, தத்துப்பிள்ளை ஆவதில்லை. உங்கள் சொத்தில் அவளுக்கு வாரிசுப் பாத்தியதை கிடையாது. அவளுக்கு ஏதேனும் கொடுக்க மனமிருந்தால் உயிலோ செட்டில்மெண்டோ எழுதலாம். தத்தெடுக்கவே விரும்பினால், அவள் தத்துக்கு உரியவள் என்று குழு அறிவித்திருக்கிறதா என்று விசாரியுங்கள். இரண்டு வருஷம் வளர்த்தவர்களுக்கு இப்போது அதற்கு வழி உண்டு, ஆனால் 18 நிறைந்தபின் அந்தக் கதவு அடைபட்டுவிடும்.

இனி, தகப்பனார் வீடு. அவர்கள் இந்துக்கள் என்றும், தகப்பனார் உயில் எழுதவில்லை என்றும், அவருக்கு வேறு பிள்ளைகள் இல்லை என்றும் வைத்துக்கொண்டு சொல்கிறேன். வீடு அவர் சொந்தச் சொத்தானால் அது இவளுக்கே வரும். தகப்பனாரின் தாயார் அவர் மறைந்தபோது உயிரோடிருந்தால் அவருக்கும் சமபங்கு. பிதுரார்ஜிதமானால் தகப்பனாரின் பங்கு இவர்களுக்கு. மைனரின் சொத்தை வெறுமே கவனித்துவருபவர் என்ற ஹோதாவில் பெரியப்பா விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாதென்று 1956-ஆம் வருஷத்து இந்து மைனர், கார்டியன் சட்டம் 11-ஆம் பிரிவில் சொல்கிறது. வில்லங்கச் சான்றைப் போட்டுப் பார்த்து, விற்பனை எதுவும் நடந்திருந்தால், 18 நிறைந்ததிலிருந்து மூன்று வருஷத்தைக் கடைசி எல்லையாக வைத்துக்கொண்டு வழக்குத் தொடர ஏற்பாடு செய்யுங்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாயினும், வக்கீலை இலவசமாக அமர்த்தித் தருவார்கள்.

மேஜரான மறுவாரமே பெரியப்பா பிரியமாக அழைத்து, ஊர்த் திருவிழாவுக்கு வா என்று கூட்டிப்போய், வழியில் சார்பதிவாளர் அலுவலகத்தில் இறக்கி, பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்பது என் அனுபவத்தில் பலமுறை கண்டது. அந்தப் பத்திரத்தை உங்கள் வக்கீல் படித்துப் பார்க்கும்வரை அவள் கையெழுத்திடக் கூடாதென்று இப்போதே சொல்லிவையுங்கள்.